முதல் மோட்டார்ஹோம்: மாற்றிக் கட்டிய பள்ளிப் பஸ்ஸா, கம்பெனி வண்டியா?

அமெரிக்காவில் 30,000, 40,000 டாலரை வைத்துக்கொண்டு முதல் மோட்டார்ஹோம் தேடுபவர்முன், ஒன்றுக்கொன்று தொடர்பே இல்லாத வண்டிகள் ஒரே விலையில் வந்து நிற்கும். பல வருடம் ஓடிய கிளாஸ் சி வண்டி ஒன்று, அதாவது வேனின் அடிச்சட்டத்தின்மேல் கம்பெனியே வீடு கட்டி விற்றது. ஓய்வுபெற்ற பள்ளிப் பஸ்ஸை யாரோ வீடாக்கியது ஒன்று. இதைத்தான் அங்கே ஸ்கூலி என்கிறார்கள். 1980-களின் நெடுந்தூரப் பஸ்ஸைப் பிரித்துக் கட்டியது இன்னொன்று. காலி பஸ்ஸை ஏலத்தில் எடுத்து நாமே கட்டிக்கொண்டால் என்ன என்ற ஆசையும் கூடவே எட்டிப் பார்க்கும்.

படங்களை மட்டும் பார்த்தால் ஸ்கூலிதான் ஜெயிக்கும். மரப்பலகை பதித்த கூரை, வீட்டில் இருப்பதைப் போன்ற அடுக்களை, வரிசையாக ஜன்னல்கள். ஆனால் ஸ்கூலியில் நீங்கள் காசு கொடுப்பது பஸ்ஸுக்கு அல்ல. காலி பஸ்ஸின் விலை பெரும்பாலும் 10,000 டாலரைத் தாண்டாது. மீதிப் பணம் முழுக்க, சுவருக்குள்ளும் தரைக்கடியிலும் ஒருவர் செய்து மூடிவிட்ட வேலைக்குப் போகிறது. அந்த வேலையைப் படங்களாலும் ரசீதுகளாலும் காட்ட முடிந்தால், 25 முதல் 30 அடி வரையான ஸ்கூலி முதல் வண்டியாக நல்ல தேர்வு. பழைய கிளாஸ் சியைவிடப் பல விதத்தில் மேல். காட்ட முடியாவிட்டால் அது காலி பஸ் விலைக்குத்தான் பெறும், உள்ளே எவ்வளவு அழகாக இருந்தாலும்.

தாள் சரியில்லை என்றால் பார்க்கவே போக வேண்டாம்

பெட்ரோல் செலவழித்து நேரில் போவதற்கு முன், டைட்டில் எனும் வண்டி உரிமைச் சான்றின் இரு பக்கத்தையும் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள். வண்டியின் உடல் வகை என்ற கட்டத்தில் மோட்டார் ஹோம் அல்லது ஹவுஸ் கார் என்று இருக்க வேண்டும். இன்னமும் பஸ் என்றே இருந்தால், மாற்றும் வேலை உங்கள் தலையில் விழும். மாநிலத்துக்கு மாநிலம் முறை வேறு. சில இடங்களில் ஒரு படிவமும் சில படங்களும் போதும். சில இடங்களில் போலீஸ்காரரோ ஆய்வாளரோ நேரில் பார்த்துக் கையெழுத்திட வேண்டும்.

எதை மோட்டார்ஹோம் என்று ஏற்பார்கள்? மத்திய அரசின் வாகனப் பாதுகாப்பு விதிகளில் உள்ள வரையறை ஆறு வசதிகளைச் சொல்லி, அவற்றில் குறைந்தது நான்கு இருக்க வேண்டும் என்கிறது: சமையல் வசதி, குளிர்பெட்டி, தன்னுள்ளேயே கழிவைச் சேர்க்கும் கழிப்பறை, சூடாக்கி அல்லது ஏசி, குழாயும் சிங்க்கும் கொண்ட குடிநீர் அமைப்பு, தனியான 110–125 வோல்ட் மின்சாரம் அல்லது புரொப்பேன். பல மாநிலங்களும் இதையே ஒட்டிக் கேட்கின்றன. தூக்கி வெளியே வைக்கக்கூடிய கேம்பிங் அடுப்பையும் ஐஸ் பெட்டியையும் ஆய்வாளர் கணக்கில் எடுத்துக்கொள்ளாமல் போகலாம். பொருத்தி இறுக்கியதாக இருப்பது நல்லது.

மஞ்சள் நிறத்தையும் கவனியுங்கள். 1939-இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் ஃபிராங்க் சைர் கூட்டிய மாநாட்டில்தான் அந்த மஞ்சள் பொது நிறமானது. இன்று பல மாநிலங்களில் பள்ளிக்கு ஓடாத வண்டி அதே நிறத்திலும், பள்ளிப் பஸ் என்ற எழுத்தோடும், மின்னும் சிவப்பு விளக்கோடும், பக்கவாட்டு நிறுத்தப் பலகையோடும் சாலையில் போகக் கூடாது. விற்பவர் பலகையை மட்டும் கழற்றிவிட்டு மஞ்சளை விட்டு வைத்திருந்தால், பெயின்ட் செலவை விலையில் கழியுங்கள்.

அடுத்தது இன்சூரன்ஸ். பலர் பணத்தைக் கொடுத்த பிறகுதான் இதை விசாரிக்கிறார்கள். பெரிய கம்பெனிகளில் பல, சொந்தமாகக் கட்டிய பஸ்ஸைத் தொடவே மாட்டா. எடுப்பவர்களும் மோட்டார்ஹோம் டைட்டில், உள்ளும் புறமும் படங்கள், செலவு ரசீதுகள் கேட்பார்கள். விறகு அடுப்பு இருந்தால் அங்கேயே பேச்சு முடியும். கூரைமேல் மொட்டைமாடி மேடை இருந்தாலும் பெரும்பாலும் அப்படியே. வண்டியின் விஐஎன் எனும் அடையாள எண்ணை வாங்கி, எழுத்தில் ஒரு மதிப்பீடு வந்த பிறகே முன்பணம் கொடுங்கள். அடுத்தவர்மேல் மோதினால் கொடுக்கும் லயபிலிட்டி மட்டுமா, தீப்பிடித்தால் உங்களுக்கும் கிடைக்குமா என்பதை வெளிப்படையாகக் கேளுங்கள். 40,000 டாலர் வண்டிக்கு லயபிலிட்டி மட்டும்தான் கிடைக்கிறதென்றால், அந்த 40,000 முழுவதும் உங்கள் பொறுப்பில் ஓடுகிறது.

இந்த இடத்தில் கிளாஸ் சி சுலபமாக முன்னே போய்விடுகிறது. டைட்டில் பிரச்சினை இல்லை, இன்சூரன்ஸ் சுலபமாகக் கிடைக்கும், பொதுவாக வங்கிக் கடனும் கிடைக்கும். ஸ்கூலிக்கு வண்டிக் கடன் கிடைப்பது அபூர்வம். கைக்காசு அல்லது வட்டி அதிகமான தனிநபர் கடன்தான் வழி. விற்கும்போதும் இதே கதை: உங்களிடம் வாங்குபவருக்கும் கடன் கிடைக்காது.

இரும்புக் கூடும் மரக் கூடும்

உடல் என்று வந்தால் பஸ்ஸின் பக்கம் தட்டு கீழே இறங்குகிறது. 1977 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த 220-ஆம் எண் பாதுகாப்பு விதிப்படி, பள்ளிப் பஸ்ஸின் கூரை அதன் காலி எடையைப்போல் ஒன்றரை மடங்கு பளுவை 5⅛ அங்குலத்துக்கு மேல் நசுங்காமல் தாங்க வேண்டும். தரையிலிருந்து தரைவரை வளைந்து போகும் எஃகு விலாக்களும் தகடும் ரிவெட்டும்தான் அந்தப் பலம். கிளாஸ் சி வண்டியின் வீட்டுப் பகுதி பெரும்பாலும் மெல்லிய மரம் அல்லது அலுமினியச் சட்டம், மேலே ரப்பர் விரிப்பு, பக்கங்களில் ஒட்டிய ஃபைபர்கிளாஸ் தகடு. ஓட்டுநர் தலைக்குமேல் துருத்தும் படுக்கையின் ஓரத்தில் நீர் கசிந்து உள்மரம் உளுத்துப்போவது அதன் நாட்பட்ட வியாதி. பழைய கிளாஸ் சியைப் பார்க்கும்போது அந்தப் படுக்கையின் மூலைகளைக் கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள். மெத்தென்று உள்ளே போனால் திரும்பி வந்துவிடலாம். வெளிச்சுவரில் தகடு அலை அலையாக உப்பியிருந்தாலும் அப்படித்தான்.

ஆனால் கூரையை உயர்த்திய ஸ்கூலிக்கு அந்த 220 விதியின் பாதுகாப்பு இனி இல்லை. உள்ளே நிற்க உயரம் போதாது என்று விலாக்களை அறுத்து, நடுவில் 12 முதல் 24 அங்குலம் இரும்புத் துண்டு வைத்து வெல்டிங் செய்கிறார்கள். தேர்ந்த வெல்டர் செய்தால் உறுதியாக இருக்கும். ஆனால் அதை உறை மூடிய பின் யாராலும் பார்க்க முடியாது. வேலை நடந்தபோது எடுத்த படம் இல்லாத கூரை உயர்த்தலை வாங்க வேண்டாம். உயரமானவர்கள், தொழிற்சாலையிலிருந்தே 78 அங்குல உள்ளுயரத்தோடு வந்த பஸ்ஸைத் தேடுவது நல்லது. 72 அங்குல உயரமுள்ளவற்றில் கூரைக்கும் தரைக்கும் இன்சுலேஷன் போட்டபின் ஆறடி ஆள் குனிந்துதான் நடப்பார்.

துரு தரையில் ஒளிந்திருக்கும். தொழிற்சாலைத் தரை என்பது எஃகுத் தகடு, அதன்மேல் பிளைவுட், அதன்மேல் ரப்பர். குழந்தைகளின் காலணிப் பனி உருகிப் பல குளிர்காலம் பிளைவுட்டில் ஊறியிருக்கும். சீட் போல்ட் துளைகள் வழியே கீழும் இறங்கியிருக்கும். நல்லபடி கட்டியவர் பிளைவுட்டைப் பெயர்த்து, துருவைச் சுரண்டி, துளைகளை அடைத்து, துருத் தடுப்புப் பூச்சு அடித்த பிறகே புதுத் தரை போட்டிருப்பார். அவசரக்காரர் ரப்பர்மேலேயே வினைல் பலகையை ஒட்டியிருப்பார். மேலிருந்து இரண்டும் ஒரே மாதிரிதான் தெரியும். அதனால் ஒரு டார்ச்சும் ஸ்க்ரூடிரைவரும் எடுத்துக்கொண்டு அடியில் படுங்கள். பின் சக்கரங்களுக்கு மேலே, படிக்கட்டுக் குழிக்கு அடியில், பின்பக்க அவசரக் கதவின் கீழ் — மூன்று இடங்களையும் குத்திப் பாருங்கள். மேலோட்டமான செந்தூசு பரவாயில்லை. ஸ்க்ரூடிரைவர் உள்ளே போனால் பெரிய வேலை. ஓஹையோ, மிச்சிகன், நியூயார்க் போன்ற, பனிக்காலத்தில் சாலையில் உப்புத் தூவும் மாநிலங்களில் ஓடிய பஸ்ஸை விட அரிசோனா, டெக்சஸ், வட கரோலினா பஸ்ஸுக்குக் கொஞ்சம் கூடக் கொடுத்தாலும் நஷ்டமில்லை.

ஜன்னல்களும் ஒழுகும். ஒரு பஸ்ஸில் இருபதுக்கு மேல் உண்டு, ஒவ்வொன்றும் கீழே இறங்கும் வகை; அவை சொட்டாமல் இருக்கப் பள்ளிக்கூடம் கவலைப்படவில்லை. தோட்டக் குழாயால் பத்து நிமிடம் நீர் அடிக்கச் சொல்லிவிட்டு, உள்ளே ஜன்னலுக்குக் கீழே சுவரில் கை வைத்துப் பாருங்கள்.

எஞ்சினும் கியர்பெட்டியும்

சில பெயர்களைத் தெரிந்து வைத்துக்கொண்டால் பாதி விளம்பரங்களை வீட்டிலிருந்தபடியே கழித்துவிடலாம். கம்மின்ஸ் 5.9 லிட்டர், இன்டர்நேஷனல் டிடி466 இரண்டும் நம்பத் தகுந்தவை. 1998 வரை வந்த 12 வால்வு கம்மின்ஸில் மின்னணுவே கிடையாது. மெதுவாக ஓடும், ஆனால் எந்த ஊர் டீசல் மெக்கானிக்கும் கை வைப்பார். அடுத்து 2002 வரை வந்த 24 வால்வு வகையில் விபி44 என்ற இன்ஜெக்‌ஷன் பம்ப் பலவீனம். டேங்கிலிருந்து டீசலை ஏற்றும் சிறு பம்ப் அழுத்தம் குறைந்தால், டீசலாலேயே குளிரும் விபி44 காய்ந்து போய்விடும். அந்தச் சிறு பம்ப் மாற்றிய ரசீதையும் அழுத்தக் காட்டி இருக்கிறதா என்பதையும் கேளுங்கள்.

டிடி466-இன் சிறப்பு, சிலிண்டர் உறைகளைக் கழற்றி மாற்றலாம். எஞ்சினை வண்டியிலிருந்து இறக்காமலே புதுப்பிக்கலாம். அதன் எதிரி, எஞ்சினைக் குளிர்விக்கும் கூலன்ட் நீர். எஸ்சிஏ எனும் சேர்க்கை குறைந்தால், உறையின் வெளிப்புறத்தில் நுண்குமிழிகள் வெடித்து வெடித்துப் பொத்தல் விழுந்து, எண்ணெயோடு நீர் கலக்கும். சோதனைக் காகிதத் துண்டைக் கூலன்டில் நனைத்தால் ஒரு நிமிடத்தில் தெரியும். விலை சில டாலர்தான். டி444ஈ என்ற 7.3 லிட்டர் வி8-உம் நல்ல எஞ்சின். இதே கூலன்ட் எச்சரிக்கை அதற்கும் உண்டு.

தவிர்க்க வேண்டியவை: 2000-களின் நடுவில் வந்த விடி365, அதாவது 6.0 லிட்டர் வி8. அதன்பின் வந்த மாக்ஸ்ஃபோர்ஸ் வரிசை. மாக்ஸ்ஃபோர்ஸில் புகைக் கட்டுப்பாட்டுக்கு இஜிஆரை, அதாவது புகையில் ஒரு பங்கை மீண்டும் எஞ்சினுக்குள் அனுப்பும் முறையை மட்டுமே நம்பி, 2012-இல் அதன் தயாரிப்பாளரான நாவிஸ்டார் அந்த வழியையே கைவிட்டது. மலிவாகக் கிடைப்பது அதனால்தான். 2007-க்குப் பிந்திய எந்த டீசல் பஸ்ஸிலும் புகை வடிகட்டி இருக்கும். பள்ளியில் நின்று நின்று ஓடிய வண்டியில் அது அடைத்துக்கொண்டிருக்க வாய்ப்பு அதிகம். முதல் வண்டிக்கு 2006 வரையானதைத் தேடினால் தலைவலி குறையும்.

எஞ்சினை எல்லோரும் கேட்பார்கள். கியர்பெட்டியைக் கேட்பவர் குறைவு. ஆலிசன் ஏடி545 நான்கு கியர் கொண்டது, டார்க் கன்வெர்ட்டருக்கு லாக்கப், அதாவது எஞ்சினையும் கியர்பெட்டியையும் நேராகப் பூட்டும் வசதி, கிடையாது. சமவெளியில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஏற்றத்தில் சக்தி எண்ணெயைச் சூடாக்கப் போகும். இறக்கத்தில் எஞ்சின் பிடித்து நிறுத்தாது, முழுச் சுமையும் பிரேக்கின்மேல். கொலராடோ, யூட்டா போகும் எண்ணம் இருந்தால் ஏடி545 வேண்டாம். எம்டி643, ஆலிசன் 2000 வரிசை, எம்டி3060 ஆகியவை லாக்கப் உள்ளவை. மலைப் பகுதிப் பள்ளிகளில் ஓடிய பஸ்களில் புகைக்குழாயை அடைத்து வேகத்தைக் குறைக்கும் எக்ஸாஸ்ட் பிரேக் இருப்பதும் உண்டு, கிடைத்தால் விடாதீர்கள்.

நெடுஞ்சாலையில் எத்தனை மைல் வேகம் போகும் என்று கேட்காமல், எத்தனை மைல் வேகத்தில் எஞ்சின் நிமிடத்துக்கு எத்தனை சுற்று என்று கேளுங்கள். 55 மைலிலேயே 2,500 சுற்று என்றால் பின் அச்சின் கியர் விகிதம் நகர ஓட்டத்துக்கானது. நாள் முழுக்க அந்த இரைச்சலில் ஓட்ட முடியாது.

எஞ்சின் குளிர்ந்த நிலையில் இருக்கும்போதுதான் பார்க்க வேண்டும். போய் இறங்கியவுடன் மூடியில் கை வைத்துப் பாருங்கள். சூடாக இருந்தால் விற்பவர் ஏதோ மறைக்கிறார். ஸ்டார்ட் செய்து, எண்ணெய் ஊற்றும் மூடியைக் கழற்றித் தலைகீழாக அதன் வாய்மேல் வையுங்கள். லேசாக ஆடினால் சரி. துள்ளி விழுந்தால் பிஸ்டன் வளையங்கள் தேய்ந்திருக்கின்றன.

காற்று பிரேக்: நீங்களே செய்யும் சோதனை

பெரிய பஸ்களில் பெரும்பாலும் காற்று பிரேக்தான். இந்தச் சோதனைக்கு மெக்கானிக் வேண்டாம், கடிகாரம் போதும். சக்கரத்துக்குக் கட்டை வையுங்கள். எஞ்சின் ஓடட்டும், அழுத்தம் ஏறி, காற்று ஏற்றுவதைக் கவர்னர் தானாக நிறுத்தும்வரை, 120 பிஎஸ்ஐ அளவுக்கு வரட்டும். ஏறும்போது 85-லிருந்து 100-க்கு வர 45 வினாடிக்குமேல் எடுத்தால் கம்ப்ரசர் தேய்ந்திருக்கிறது அல்லது எங்கோ காற்று போகிறது. பிறகு எஞ்சினை நிறுத்தி, பார்க்கிங் பிரேக்கை விடுவித்து, ஒரு நிமிடம் பாருங்கள்: 2 பிஎஸ்ஐக்கு மேல் இறங்கக் கூடாது. பெடலை அழுத்திப் பிடித்து இன்னொரு நிமிடம்: 3-க்கு மேல் இறங்கக் கூடாது. சாவியை ஆன் நிலையில் வைத்து பெடலை மிதித்து மிதித்து விடுங்கள்: 60 பிஎஸ்ஐக்கு வருவதற்குள் எச்சரிக்கை மணி அடிக்க வேண்டும், 20 முதல் 45-க்குள் பார்க்கிங் பொத்தான் தானாக வெளியே துள்ள வேண்டும். துள்ளவில்லை என்றால் அந்த வண்டியை ஓட்டிப் பார்க்கவே ஏறாதீர்கள்.

டயர் கோடு ஆழமாக இருப்பது ஒன்றையும் சொல்லாது. ஸ்கூலி பல மாதம் நின்றே கிடக்கும், ரப்பர் வயதால் வெடிக்கும். பக்கச் சுவரில் டிஓடி என்று தொடங்கும் குறியீட்டின் கடைசி நான்கு இலக்கங்களில் முதல் இரண்டு தயாரித்த வாரம், அடுத்த இரண்டு ஆண்டு. ஏழு வருடம் தாண்டியிருந்தால் ஆறு டயரும் புதிதாக வாங்க வேண்டும் என்று கணக்குப் போடுங்கள், 22.5 அங்குல அளவுக்கு மொத்தம் 2,500 முதல் 3,500 டாலர்.

சுவருக்குள் இருக்கும் வீடு

கரண்டிலிருந்து தொடங்குங்கள். முகாமில் செருகும் பிளக் எது? மூன்று கால் டிடி-30 என்றால் 120 வோல்ட், 30 ஆம்பியர், அதிகபட்சம் 3,600 வாட். நான்கு கால் 14-50 என்றால் இரண்டு கம்பி வழியாக 12,000 வாட். டிடி-30-ஐ வீட்டு எலக்ட்ரீஷியன் 240 வோல்ட் என்று தவறாக நினைத்து இணைப்பது தெரிந்த விபத்து. உள்ளே இருக்கும் எல்லாமே ஒரே நொடியில் எரிந்து போகும்.

வண்டிக்குள் இருக்கும் மின்பெட்டியில் நியூட்ரல் பட்டையும் எர்த் பட்டையும் இணைந்திருக்கக் கூடாது. வீட்டு முறைப்படி இணைத்துவிட்டால், இரும்பு உடல் முழுக்க மின்சாரம் திரும்பும் பாதையாகி, ஈரத்தில் நின்று கதவைத் தொட்டால் ஷாக் அடிக்கும். கண்டுபிடிப்பது எளிது: வெளிப் பிளக்கைக் கழற்றி, இன்வெர்ட்டரை அணைத்து, மல்டிமீட்டரை ஒரு சாக்கெட்டின் நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே வையுங்கள். பீப் ஒலி வந்தால் தவறு. இதைத் திருத்துவது சின்ன வேலைதான். ஆனால் இதையே தவறவிட்டவர் வேறு எதையெல்லாம் தவறவிட்டிருப்பார் என்ற கேள்வி எழும்.

பேட்டரியிலிருந்து புறப்படும் தடித்த கம்பியில், முதல் ஓரிரு சாண் தூரத்துக்குள் ஃப்யூஸ் இருக்கிறதா? லித்தியம் என்றால், பூஜ்யம் டிகிரி செல்சியஸுக்குக் கீழே சார்ஜ் ஏறாமல் தடுக்கும் அமைப்பு உண்டா? இன்டக்‌ஷன் அடுப்பு வைத்திருந்தால் கணக்குப் போட்டுப் பாருங்கள்: 1,800 வாட்டுக்கு 12 வோல்ட்டில் 150 ஆம்பியர், இன்வெர்ட்டர் இழப்பையும் சேர்த்தால் இன்னும் கூடுதல். 200 ஆம்பியர்-மணி லித்தியம் ஒன்று மட்டும் இருந்தால் முழு வேகத்தில் ஒன்றேகால் மணி நேரம் தாங்காது. சோறும் குழம்பும் வைத்து முடித்தால் இரவுக்கு விளக்கு இல்லை. ஊரிலிருந்து கொண்டுவந்த 230 வோல்ட் மிக்ஸியும் இங்கே நேராக ஓடாது.

நம் சமையலுக்கு ஆவி அதிகம். பிரஷர் குக்கர் நாலு விசில் அடித்தால் அந்த நீர் முழுக்கக் குளிர்ந்த எஃகு விலாக்களைத் தேடிப் போய்ச் சொட்டாகும். விலாக்களை மறைத்து ஸ்ப்ரே ஃபோம் அடித்திருக்கிறார்களா, அடுப்புக்கு மேலே வெளியேற்றும் மின்விசிறி உண்டா என்று பாருங்கள். பழைய கண்ணாடி நாரையும் தொழிற்சாலைத் தகட்டையும் அப்படியே விட்டு அதன்மேல் பலகை அடித்திருந்தால், பின்னால் ஈரம் காயாது. கூரையில் திருகு ஒவ்வொன்றின் கீழும் வட்டமாகக் கறை தெரியும்.

புரொப்பேன் காற்றைவிட கனமானது. கசிந்தால் தரையில் தேங்கும். சிலிண்டர் வண்டிக்கு வெளியே இருக்க வேண்டும், இல்லையேல் உள்ளே காற்றுப் புகாமல் மூடிய, அடியில் வெளிப்பக்கம் துளையுள்ள பெட்டியில். கட்டிலுக்கடியில் சாதாரணமாக வைத்திருந்தால் அந்த ஒன்றே வண்டியை நிராகரிக்கப் போதும். எச்சரிக்கைக் கருவி தரைக்கு அருகில் பொருத்தியிருக்க வேண்டும்.

தண்ணீரின் எடையையும் யாரும் கணக்கில் எடுப்பதில்லை: 100 காலன் என்பது 834 பவுண்டு. எல்லாத் தொட்டியையும் ஒரே பக்கம் வைத்திருந்தால் வண்டி சாய்ந்தே ஓடும். லாரிகள் நிற்கும் இடங்களில் உள்ள கேட் ஸ்கேல் எடைமேடையில் ஏற்றி, முன் அச்சு, பின் அச்சு தனித்தனியாக எடை சீட்டு வாங்குங்கள். கதவருகே ஒட்டியிருக்கும் அனுமதி எடையோடு ஒப்பிடுங்கள். இதில் பஸ்ஸுக்கே சாதகம், தாங்கும் திறன் மிச்சம் இருக்கும். கிளாஸ் சியின் ஃபோர்டு ஈ-450 சேஸிக்கு மொத்த அனுமதி 14,500 பவுண்டுதான். வீட்டுப் பகுதியே பெரும்பாலானதைத் தின்றுவிட, ஆட்களுக்கும் சாமானுக்கும் மிஞ்சுவது கொஞ்சம். கதவின் மஞ்சள் ஒட்டியில் அந்த எண் இருக்கும்.

குழந்தைகள் உள்ள குடும்பத்துக்கு இன்னொன்று, எங்கள் கணக்கில் இதுவே பெரிது. பெரிய பள்ளிப் பஸ்ஸில் மத்திய விதிப்படி பெல்ட் கட்டாயமில்லை. உயர்ந்த முதுகுள்ள, நெருக்கமாக வைத்த சீட்டுகளே குழந்தையைக் காத்தன. அந்த சீட்டுகளைக் கழற்றி எறிந்துவிட்டு மர சோபாவைப் போட்ட பின், பெல்ட் உள்ள ஒரே இடம் ஓட்டுநர் இருக்கை. மரப்பெட்டிமேல் பெல்ட்டைத் திருகி வைத்தால் பெட்டியோடு பறந்து வரும். சேஸி வரை போல்ட் போட்ட, முன்னோக்கிய சீட் ஆளுக்கொன்று இருக்கிறதா என்று எண்ணுங்கள். இல்லாத வண்டியில் குழந்தைகளோடு போக முடியாது. அவர்களுக்குக் கம்பெனி வண்டிதான்.

நீளம், அகலம், எங்கே போகலாம்

40 அடி பஸ்ஸை முதல் வண்டியாக யாருக்கும் பரிந்துரைக்க மாட்டோம். தேசியப் பூங்காக்களின் பழைய முகாம்களில் அதற்கு இடம் கிடைப்பது கஷ்டம். பின் அச்சுக்குப் பின்னால் துருத்தும் வால் திருப்பங்களில் வெளியே வீசி விளக்குக் கம்பத்தைத் தட்டும். 8 அடி அகலம் பெரிய பள்ளிப் பஸ்களில் வழக்கம். கிளேசியர் பூங்காவின் கோயிங்-டு-த-சன் சாலையின் மலைப் பகுதியில் 21 அடி நீளத்துக்கோ, கண்ணாடிகளையும் சேர்த்து 8 அடி அகலத்துக்கோ மேற்பட்ட வண்டி ஏற முடியாது. குட்டை பஸ்ஸும் கிளாஸ் சியும் இரண்டுமே வெளியேதான். ஸயான் பூங்காவின் சுரங்கப்பாதையிலும் 7 அடி 10 அங்குலம் அகலம் என்றாலே பெரிய வண்டிக் கணக்கு.

கிழக்குக் கரையில் இருப்பவர்கள் கூடுதலாக இரண்டைக் குறித்துக்கொள்ளுங்கள். நியூயார்க்கில் பார்க்வே எனும் கார் சாலைகளின் தாழ்ந்த கல்பாலங்களுக்கு அடியில் பஸ் போகாது. கார் வழிகாட்டி செயலி அது தெரியாமல் அங்கேதான் அனுப்பும். பால்டிமோர் துறைமுகச் சுரங்கங்களில் சிலிண்டர் ஒன்றுக்கு 10 பவுண்டுக்கு மேல் புரொப்பேன் அனுமதியில்லை, சாதாரண சிலிண்டரோ 20 பவுண்டு.

தனியார் முகாம்களில் சில, பத்து வருடத்துக்கு மேற்பட்ட வண்டியையோ பள்ளிப் பஸ்ஸையோ ஏற்பதில்லை. சொந்த உபயோகத்துக்கு சிடிஎல் எனும் வணிக ஓட்டுநர் உரிமம் பொதுவாகத் தேவையில்லை. ஆனால் டெக்சஸ் போன்ற மாநிலங்களில் 26,000 பவுண்டு தாண்டினால் சிடிஎல் அல்லாத கிளாஸ் பி உரிமம் கேட்பார்கள். பெரும்பாலான முழுநீளப் பஸ்கள் அந்த எல்லையைத் தாண்டியவை. வீட்டில் நிறுத்தவும் முதலில் அனுமதி பாருங்கள். குடியிருப்புச் சங்கங்கள் இதை விடுவது அரிது.

மற்ற இரண்டு வழிகள், சுருக்கமாக

நெடுந்தூரப் பஸ் ஓட்டத்தில் ராஜா: காற்றுச் சஸ்பென்ஷன், 70 மைலில் சத்தமில்லாமல் போகும், அடியில் தொட்டிகளுக்கென்றே அளந்தது போன்ற சாமான் அறைகள். ஆனால் எம்சிஐ எம்சி-9 போன்ற பழைய வண்டிகளில் இருப்பது டெட்ராய்ட் டீசலின் இரண்டு ஸ்ட்ரோக் எஞ்சின். அதற்கு 40 எண் ஒற்றை கிரேடு எண்ணெய்தான் ஊற்ற வேண்டும். கடைக்காரர் 15டபிள்யூ-40 ஊற்றிவிட்டால் எஞ்சினின் ஆயுள் குறையும். அதைத் தெரிந்த மெக்கானிக்குகள் வயதாகி ஓய்வு பெற்றுக்கொண்டிருக்கிறார்கள். டயர் எட்டு. கையில் ரென்ச் பிடிக்கத் தெரிந்தவருக்கு இது நல்ல இரண்டாவது வண்டி.

காலி பஸ் வாங்கிக் கட்டுவது மலிவு என்பது பொருள் விலையை மட்டும் எண்ணுபவர்கள் சொல்வது. வார இறுதிகளில் மட்டும் வேலை செய்தால் ஒன்றரை இரண்டு வருடம் பிடிக்கும். அதுவரை நிறுத்த இடமும் வாடகையும் வேண்டும். பாதியில் நின்றுபோன பஸ்கள் விற்பனைக்கு நிறையவே வருகின்றன. தரை, இன்சுலேஷன் முடிந்து சுவர் இன்னும் மூடாத நிலையில் ஒன்று கிடைத்தால், அதுதான் இந்தச் சந்தையின் உண்மையான மலிவு. எல்லாமே கண்ணுக்குத் தெரியும்.

விலை பேசும்போது விற்பவர் தன் செலவுக் கணக்கைக் காட்டுவார். அதிலிருந்து தொடங்காமல் அடியிலிருந்து ஏறுங்கள். அதே வருடம், அதே எஞ்சின், கியர்பெட்டி கொண்ட காலி பஸ் இன்று கவ்டீல்ஸ், பப்ளிக் சர்ப்ளஸ் ஏலத் தளங்களில் என்ன விலைக்குப் போகிறது என்று பாருங்கள். கழற்றி விற்கக்கூடியதை மட்டும் பாதி விலையில் கூட்டுங்கள்: பேட்டரி, இன்வெர்ட்டர், சோலார் தகடு, குளிர்பெட்டி. வேலை நடந்தபோது எடுத்த படங்கள் தரை, கூரை, கம்பி மூன்றுக்கும் இருந்தால் உழைப்புக்கு ஒரு தொகை சேருங்கள்; எதற்கு இல்லையோ அந்தப் பகுதிக்கு ஒன்றும் சேர்க்க வேண்டாம். டயர், பெயின்ட், பிரேக், சீட் என்று நீங்கள் செய்ய வேண்டியதை எல்லாம் கழியுங்கள். டீசல் மெக்கானிக் ஒருவரின் ஆய்வுக் கட்டணத்தை உங்கள் பையிலிருந்தே கொடுத்துவிடுங்கள். விற்பவர் ஏற்பாடு செய்யும் மெக்கானிக் வேண்டாம். வரும் தொகை கேட்ட விலையில் பாதியாக இருந்தால் கூச்சப்படாமல் அதைச் சொல்லுங்கள். ஆறு மாதமாக விளம்பரத்தில் நிற்கும் ஸ்கூலிகள் ஏராளம்.